சீதன வயலின் மூன்றாம் வருடம்

தம்பி,

வயலுக்கு மருந்து அடித்துவிட்டார்கள். இது நான் சொல்லி உனக்குத் தெரியவேண்டிய செய்தி இல்லை. புல்லுக்கு அடிக்கிற அந்த மருந்துப் போத்தலைக் கடைத் தட்டிலிருந்து எடுத்துக் கொடுத்தவனே நீதான். நீ அதை என்னிடம் சொல்லவில்லை. எனக்குத் தெரியும் என்பதை நானும் உன்னிடம் சொல்லவில்லை. கார்த்திகை முழுவதும் நீ வீட்டுப் பக்கம் வரவில்லை. தொலைபேசியில் "ஓம் அக்கா", "கடையில சனம் அக்கா" என்பதற்கு மேல் உன் வாயிலிருந்து ஒன்றும் வருவதில்லை. நீ கட்டின நிரோஜாவிடம் கேட்டால், "அவர் இஞ்சயும் அப்படித்தான் அக்கா இரிக்கார்" என்கிறாள். வயல் போய்விட்டது. அதை நான் ஏற்றுக்கொண்டேன். அதோடு நீயும் போய்விடுவாயோ என்ற பயத்தில்தான் எழுதுகிறேன்.

உனக்கு மட்டும் எழுதி அனுப்பியிருக்கலாம். நாலு பேர் பார்க்கிற இடத்தில் வாய் திறக்கவே தயங்குகிற நான் ஏன் இதை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன் என்று நீ நினைப்பாய். உன்னோடு என் விவசாயப் பயிற்சி வகுப்பில் இருந்தவர்களில் பாதிப் பேர் இன்று உன்னைப் போலத்தான் இருக்கிறார்கள். ஒருவன் ஓட்டமாவடியில் இரும்புக் கடையில் நிற்கிறான், இன்னொருவன் கட்டாருக்குப் போய்விட்டான். தாங்கள்தான் ஏதோ பிழை விட்டோம் என்று ஒவ்வொருவரும் தனித்தனியாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்கும் அக்கா ஒருத்தி இருப்பாள். அவர்களும் படிக்கட்டும்.

உன்னை நான் பெறவில்லை. ஆனால் அம்மா இறந்துபோன பிறகு உன்னைக் குளிக்கவார்த்து, தலை இழுத்துவிட்டு, சோறு கட்டிக்கொடுத்து அனுப்பிவிட்டுத்தான் நான் பள்ளிக்கூடம் போனேன். அப்பா வாவியில் வலை போட்டுவிட்டு விடிந்த பிறகு வந்து படுப்பார். அவரை எழுப்ப எனக்கு மனம் வராது. உன்னுடைய வகுப்பில் பெற்றோர் கூட்டம் வைத்தபோது நான் என்னுடைய வெள்ளைச் சட்டையோடும் இரட்டைப் பின்னலோடும் வந்து கடைசி வாங்கில் உட்கார்ந்தேன். "அம்மா வரல்லயா?" என்று டீச்சர் கேட்டா. நீ எழும்பி, கொஞ்சமும் யோசிக்காமல் என்னைக் காட்டி, "வந்திரிக்கா" என்றாய். எல்லோரும் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்கு மேசைக்குக் கீழே போய்விடலாம் போல இருந்தது. அன்றைக்கு உன்மேல் கோபம்கூட வந்தது. ஆனால் அன்றையிலிருந்து உன் விடயத்தில் நான் என்னை வேறு விதமாக நினைத்ததே இல்லை. அதனால் இந்தக் கடிதத்தை அக்கா எழுதுகிறாள் என்று படித்தாலும் சரி, அம்மா எழுதுகிறா என்று படித்தாலும் சரி, எனக்கு இரண்டும் ஒன்றுதான்.

நான் பல்கலைக்கழகத்தில் கடைசி வருடம் படிக்கும்போது அப்பாவும் போனார். நீ சாதாரண தரப் பரீட்சையோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, அதுவரை குத்தகைக்குக் கிடந்த அம்மாவின் வயலில் இறங்கினாய். நம் வீட்டில் முதல் பட்டதாரி நான். அந்தப் பட்டத்தோடு, விவசாயிகளுக்கு, இரசாயனம் தொடாத சேதன விவசாயமும் வியாபாரமும் பழக்குகிற ஒரு நிறுவனத்தில் பயிற்றுநர் வேலை கிடைத்தது. அரசாங்கம் இரசாயன உரத்தை ஒரேயடியாக நிறுத்தி, வயல்வெளி முழுக்க வட்டை வட்டையாக நெல் மஞ்சளாகிப்போன அந்த வருடத்துக்கு அடுத்து வந்த காலம் அது. சேதனம் என்ற சொல்லைக் கேட்டாலே ஆட்களுக்கு நெருப்பு ஏறும். முதல் வகுப்பு ஞாபகம் இருக்கிறதா? பல்நோக்கு மண்டபத்தில் நான் எழுதிவைத்ததைப் பார்த்து வாசித்துக்கொண்டிருந்தேன். முன்வரிசையில் இருந்த ஒருவர் கையைக் கட்டிக்கொண்டு சொன்னார்:

"சேதனம் எண்டு தொடங்கிச் சேதாரத்துல முடிஞ்ச கதையெல்லாம் எங்களுக்குத் தெரியும் மிஸ். நீங்க முதல்ல சொல்லுங்க, வயலுக்க இறங்கி இரிக்கீங்களா?"

நான் கையிலிருந்த கடுதாசிக்குள்ளேயே முகத்தை வைத்துக்கொண்டேன். சாமான் ஏற்றி இறக்க என்னோடு வந்திருந்த நீ பின்னாலிருந்து குரல் கொடுத்தாய். "அவக்குச் சொந்தமா வயல் இரிக்கி. இறங்கினது நான்தான். இறங்கிற விசயம் எண்டா என்னட்டக் கேளுங்க."

மண்டபமே சிரித்தது. அந்த மனிதரும் கட்டியிருந்த கையை அவிழ்த்துவிட்டுச் சிரித்தார். அதற்குப் பிறகுதான் என்னால் நிமிர்ந்து பார்த்துப் பேச முடிந்தது. நீ சொன்னதை எல்லோரும் பகிடியாக எடுத்தோம். வயல் ஒருத்திக்கு, இறங்குவது இன்னொருவன். அதுதான் நம்முடைய முழுக் கதையும் என்று நான் உட்பட அன்று ஒருவருக்கும் விளங்கவில்லை.

நம் வளவிலேயே கூட்டெருக் குவியல் போட்டுக் காட்டினோம். வாவியில் மிதக்கிற ஆற்றுவாழையை வள்ளத்தில் ஏற்றிக்கொண்டு வந்து வெட்டி, கிளிசரியா இலையும் மாட்டெருவும் வைக்கோலும் அடுக்கடுக்காகப் போட்டோம். சூடு ஏறியிருக்கிறதா என்று கையை உள்ளே விட்டுப் பார்க்கவேண்டும். கடுதாசியில் படித்தால் அது வராது, கைக்குத்தான் தெரியும் என்று நான் சொன்னேன். யாரும் அசையவில்லை. மாட்டெருவுக்குள் கைவிடுவதில் அவர்களுக்கு ஒன்றுமில்லை. ஒரு பொம்பிளைப் பிள்ளை சொல்லிக் கைவிடுவதுதான் சங்கடம். நீ முழங்கை வரைக்கும் விட்டாய். விட்டுவிட்டு, "ஆய்" என்று கையை வெடுக்கென்று இழுத்து, "உள்ளுக்கு ஆரோ சோறு ஆக்கிறாங்க" என்றாய். அதன் பிறகு ஒவ்வொருவராக வந்து விட்டார்கள். பயிற்சி என்று நான் செய்ததெல்லாம் எழுத்துத்தான். அதை அவர்களின் கைக்குக் கொண்டுபோனது உன் வாய்தான்.

வயலைச் செய்முறை வயலாகக் கொடுக்கலாமா என்று நிறுவனத்தில் கேட்டபோது நீ என்னிடம்கூடக் கேட்காமல் தலையாட்டினாய். மூன்று வருடம் ஒரு சொட்டு இரசாயனமும் படாமல் இருந்தால்தான் சான்றிதழ். இடையில் ஒருமுறை அடித்தாலும் திரும்ப முதலாம் வருடம். முதல் வருடம் விளைச்சலைப் பார்த்துப் பக்கத்து வயல்காரர்கள், "மிஸ்ட நெல்லு நாணப்பட்டு வெளியில வருதில்ல" என்று என் கூச்சத்தையும் சேர்த்துப் பகிடி பண்ணினார்கள். நீ அவர்களோடு சேர்ந்து சிரித்துவிட்டு, மேல் வயல்களில் அடிக்கிற மருந்து தண்ணீரோடு வந்து சேராமல் இருக்க வாய்க்கால் ஓரமாகக் கான் வெட்டினாய். அதன் வரம்பில் கிளிசரியாக் கம்பு நட்டாய். இரண்டாம் வருடம் அந்தக் கானில் தவளை முட்டை போட்டது. சேறு காலுக்குக் கீழே வேறு மாதிரி இருக்கிறது என்று சொன்னாய். எப்படி வேறு மாதிரி என்று கேட்டதற்கு, "முதல்ல காலக் கடிக்கும், இப்ப காலப் புடிக்கிது" என்றாய். அதை நான் அறிக்கையில் எழுதப் பார்த்தேன். அலுவலகத்தில் வெட்டிவிட்டார்கள்.

வெட்டு மெஷின் வந்த நாளும் எனக்கு மறக்காது. மற்ற வயல்களை வெட்டிவிட்டு வருகிற மெஷினுக்குள் அந்த வயல்களின் நெல் கிடக்கும், அது நம் நெல்லோடு கலந்தால் எல்லாம் வீண் என்று வகுப்பில் சொல்லியிருந்தேன். நீ வரம்பில் மறித்து நின்று, மெஷினை வெறுமனே ஓடவிட்டு, உள்ளே ஏறித் தும்புத்தடியால் கூட்டினாய். ஓட்டி வந்தவன் சிகரெட்டைப் பற்றவைத்துக்கொண்டு, "என்ன தம்பி, மெஷினுக்கும் தீட்டுக் கழிக்கிறயா?" என்றான். "ஓம் அண்ணன். நீங்களும் கால் கழுவிட்டு ஏறுங்க" என்றாய். அவன் உண்மையிலேயே வாய்க்காலில் கால் கழுவிவிட்டு ஏறினான்.

வியாபாரப் பாடத்தில் நீ என்னைவிடக் கெட்டிக்காரன். அரிசிப் பக்கெற்றில் எதை எழுதவேண்டும், கடைக்காரனிடம் முதலில் என்ன பேசவேண்டும் என்பதெல்லாம் எனக்குப் படிப்பு, உனக்குப் பேச்சு. காத்தான்குடியில் அந்த அரிசிக் கடை நானா நம் சிவப்பரிசியைக் கையில் எடுத்து, ஊதி, வாயில் போட்டுக் கடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னதை நினைத்துப் பார்.

"அரிசியில பேச்சில்ல மனே. நல்ல அரிசி. ஆனா அடுத்த வருசமும் இதே அரிசி வருமா? கொண்டு வாற ஆளும் நீதானா? ஒருக்கா நல்லாச் செய்யிறதுக்குப் பேரு யாவாரம் இல்ல. அதையே திரும்பவும் செய்யிறதுதான் யாவாரம்."

"இன்ஷா அல்லாஹ் நானா" என்றாய்.

"அட, அதையும் நீயே சொல்லிட்டாய். மறுகா நான் என்னத்தச் சொல்ற?" என்று அவர் விழுந்து விழுந்து சிரித்தார். நானும் உன் பின்னால் நின்று சிரித்தேன். ஆனால் அந்த மனிதர் கேட்ட இரண்டாவது கேள்விதான் நான் என் வகுப்பில் கேட்டிருக்கவேண்டிய முதல் கேள்வி.

நம் பகுதியில் காணி பெண் வழியில் போகிறது. அம்மாவின் அம்மாவிடமிருந்து அம்மாவுக்கு வந்தது, அம்மாவிடமிருந்து எனக்கு. நான் பிறந்த அன்றே அது என்னுடைய சீதனம். ஆண்பிள்ளை கலியாணம் முடிக்கும்வரை தாயின் வயலிலோ சகோதரியின் வயலிலோ பாடுபடுவான். முடித்தால் பெண் வீட்டுக்குப் போய்விடுவான். இதில் ஒளிவு மறைவு எதுவும் இல்லை. சிறுபிள்ளைக்கும் தெரிந்த வழமை. பெண்ணுக்கு ஒரு பிடி இருக்கவேண்டும் என்று முன்னோர் வைத்தது. அதை நான் குறைசொல்லமாட்டேன். அந்தக் காணி இல்லாவிட்டால் அம்மா போன பிறகு நாம் இருவரும் எங்கே நின்றிருப்போம்? ஆனால் மண்ணைத் தேற்ற மூன்று வருடம் வேண்டும், அது முழுதாகத் தேற இன்னும் வருடங்கள் வேண்டும் என்று நான் யாருக்குப் படிப்பித்தேன்? கலியாண வயதில் இருக்கிற பொடியன்களுக்கு. தாயின் வயல், அக்காவின் வயல், தங்கச்சிக்கு எழுதப்போகிற வயல் என்று, தங்களுக்கென்று ஒரு வரம்புகூட இல்லாதவர்களுக்கு. வெளியூரிலிருந்து பாடத்தைத் தயாரித்தவர்களுக்கு இது தெரியாது. எனக்குத் தெரியும். இந்த மண்ணில் பிறந்து, அந்தச் சீதனக் காணிக்கே சொந்தக்காரியாக இருந்துகொண்டு நான் அதை யோசிக்கவில்லை. தெரிந்த ஒன்று எப்படித் தெரியாமல் இருந்தது என்பதை இன்றைக்கும் எனக்கு விளங்கப்படுத்த முடியவில்லை. மூச்சு விடுவதை யார் யோசிக்கிறார்கள்?

வாழைச்சேனையிலிருந்து சம்பந்தம் பேசி வந்தபோது நான் மறுக்கவில்லை. நிரோஜாவைப் பார்த்ததும் எனக்குப் பிடித்துப்போனது. அவளுடைய அப்பா வைத்திருப்பது உரமும் மருந்தும் விற்கிற கடை என்று தெரிந்ததும் நாம் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஆட்கள் போனபிறகு நீதான் முதலில் சிரித்தாய். "அக்கா, நான் அங்க போய் எல்லா மருந்தையும் கொட்டிட்டுக் கூட்டெரு அடுக்கப் போறன்" என்றாய். நானும் சிரித்தேன். அன்று பின்னேரம்தான் வயலை உன் பெயருக்கு எழுதிவிடுகிறேன் என்று சொன்னேன்.

"உங்களுக்கென்ன பைத்தியமா?" என்றாய். "அக்காட சீதனக் காணிய எழுதி வாங்கினவன் எண்டு ஊர்ல சொல்ல மாட்டாங்களா?"

"ஊர் சொன்னா சொல்லட்டும்."

"எனக்கு ஒண்டுமில்ல அக்கா. நாளைக்கு உங்களுக்கு ஒரு மாப்பிள்ளை வந்து, காணி எங்க எண்டு கேட்டா நான் என்ன சொல்ற? நான் அதுல எரு போட்டுக்கொண்டு இரிக்கன் எண்டா?"

"எனக்கு மாப்பிள்ளை வேணா."

"அது நீங்க சொல்ற. வாறவன் சொல்லட்டும்."

அதற்கு மேல் நான் கட்டாயப்படுத்தவில்லை. கட்டாயப்படுத்தியிருக்கவேண்டுமா என்று இப்போதும் யோசிக்கிறேன். கட்டாயப்படுத்தியிருந்தாலும் நீ வாங்கியிருக்கமாட்டாய். வாங்கியிருந்தால் உன்னை வளர்த்த எனக்கே கொஞ்சம் குறையாகத்தான் இருந்திருக்கும். பார், அந்த வழமை எனக்குள்ளேயும் எவ்வளவு ஆழத்தில் கிடக்கிறது. நீ மறுத்தபோது எனக்குக் கவலை வந்தது, அதோடு கூடவே பெருமையும் வந்தது. அந்தப் பெருமைதான் வயலைத் தின்றது.

மூன்றாம் வருடம் ஆவணியில் கலியாணம் முடிந்து நீ போனாய். வாழைச்சேனையிலிருந்து வந்து வந்து வயலைப் பார்க்கலாம் என்று இரண்டு பேரும் நம்பினோம். உன் மாமனார் கெட்ட மனிதர் இல்லை. அவர் ஒருநாள் என் முன்னாலேயே மெதுவாகத்தான் சொன்னார்: "அக்காட வயல அக்கா பார்த்துக்கொள்ளுவா தானே தம்பி. இஞ்ச கடை இரிக்கி, அது உங்கடதுதான்." புது மருமகன் தினமும் விடிய எழும்பிச் சகோதரியின் வயலுக்கு ஓடினால் அந்த வீட்டுக்கு அது என்ன மரியாதை? அவரிடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். நீ என் முகத்தைப் பார்த்தாய். நான் "அவர் சொல்றது சரிதான்" என்றேன். வேறு என்ன சொல்ல?

நான் சும்மா இருந்துவிடவில்லை. கூலிக்கு ஆள் பிடித்து உழுவித்து விதைத்தேன். அலுவலகத்துக்கு முன்னும் பின்னும் வயலுக்குப் போனேன். விதைப்புக்குப் பிறகு மழை ஏறியதும் புல்லும் நெல்லும் ஒன்றாக எழும்பின. கையால் களை பிடுங்க ஆள் தேடி ஊர் முழுக்கத் திரிந்தேன். பெண்கள் எல்லாம் வெளிநாட்டில், இல்லாவிட்டால் ஆடைத் தொழிற்சாலை பஸ்ஸில். வந்த இரண்டொரு பேரும், "மிஸ், மருந்தடிக்கிற வயல்ல இந்த வேலையே இல்லையே, எங்கள ஏன் கொல்றீங்க?" என்று கேட்டார்கள். களை எடுக்கும் முறை பற்றி நான் எத்தனை வகுப்பு எடுத்திருக்கிறேன் தெரியுமா. அந்த வயலில் குனிந்து நின்றபோது என்னுடைய ஒரு வகுப்பும் எனக்கு உதவவில்லை. முறை தெரியாமல் இல்லை, கை போதவில்லை. கடைசியில் பக்கத்து வயல் தவராசா மாமாவிடம், இரசாயனம் தொடக்கூடாது என்ற ஒரே பேச்சோடு, பயிரையும் சேர்த்துக் குத்தகைக்குக் கொடுத்தேன். அவர் கோயில் பக்கம் திரும்பிக் கும்பிட்டுத்தான் ஒப்புக்கொண்டார்.

பிறகு ஒருநாள் அவர் படலைக்கு வெளியே நின்று கூப்பிட்டார். உள்ளே வரவில்லை.

"புள்ள, ஒண்டு சொல்லணும். கோவிக்காத."

"சொல்லுங்க மாமா."

"அடிச்சிட்டன் புள்ள. புல்லு மேல ஏறிட்டு. எது நெல்லு எது புல்லு எண்டு பிரிக்க ஏலாமக் கிடந்த. விட்டிருந்தா வெட்ட ஒண்டும் மிஞ்சாது. எனக்கும் மூணு புள்ளையள் இரிக்கி."

அவர் தலையைச் சொறிந்துகொண்டு மீதியையும் சொன்னார். "ஒளிச்சுச் செய்யல்ல. உன்ட தம்பிட்டத்தான் வாங்கின. எந்த வயலுக்கு எண்டு அவன் கேக்கல்ல, நானும் சொல்லல்ல. அவனுக்குத் தெரியும். போத்தல மேசையில வெச்சிட்டு, வாய்க்கால் வரம்போட ஒட்டி அடிக்காதீங்க மாமா, அதுல தவளை முட்டை கிடக்கும் எண்டான். மறுகா உள்ளுக்குப் போயிட்டான். காச அவன்ட மாமனார்தான் வாங்கின."

அன்றிரவு நான் அழவில்லை என்று எழுதினால் நீ நம்பமாட்டாய். ஆனால் போத்தலைக் கொடுத்தாயே என்று அழவில்லை. கொடுக்கமாட்டேன் என்று நீ சொல்லியிருந்தால் அவர் பக்கத்துக் கடையில் வாங்கியிருப்பார். உன் மாமனாருக்கு முன்னால் உனக்கு ஒரு பேச்சு வந்திருக்கும். வயலுக்கு ஒரு மாற்றமும் வந்திருக்காது. அதெல்லாம் உனக்கும் அந்த இடத்திலேயே தெரிந்திருக்கும். தெரிந்த பிறகும் அந்த வரம்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லி அனுப்பினாயே, அதற்குத்தான் அழுதேன். மாமா அந்த வரம்போடு ஒட்டி அடிக்கவில்லை. போய்ப் பார்த்தேன். ஆனால் காற்றுக்கு வரம்பு தெரியாதே தம்பி. வரம்புக் கிளிசரியாவின் இலைகள் ஓரத்தில் கருகித்தான் இருக்கின்றன. உனக்குப் பொய் சொல்ல எனக்கு வராது.

போன வாரம் புதிய குழுவுக்கு வகுப்பு. இந்தத் திட்டம் இந்த வருடத்தோடு முடிகிறது. என் வேலையும் அதோடு முடியும். நீ கூட்டெருவுக்குள் கைவிட்டுக்கொண்டு சிரிக்கிற படம் பெரிதாக அச்சடித்து இன்னும் மண்டபச் சுவரில் தொங்குகிறது. கிரான் பக்கத்திலிருந்து வந்த ஒரு பொடியன் அதைப் பார்த்து, "மிஸ், இந்த அண்ணன் இப்ப எவ்வளவு வயல் செய்யிறார்?" என்று கேட்டான். நான் வாய் திறக்க முன் ஒருவர் சொன்னார், "அவன் இப்ப மருந்துக் கடையில." மண்டபம் சிரித்தது. நானும் சிரித்தேன். சிரிக்காமல் இருக்கமுடியவில்லை. பிறகு பாடத்தை மூடிவைத்துவிட்டு, உங்கள் வயல் யாருடைய பெயரில் இருக்கிறது என்று ஒவ்வொருவரிடமும் கேட்டேன். அம்மாட, தங்கச்சிட, காணிக்காரப் போடியார்ட, மனிசிட என்று சொல்லிக்கொண்டே போனார்கள். சொல்லச் சொல்லச் சிரிப்பு அடங்கியது. "அப்ப நாங்க என்ன மிஸ் செய்யிற?" என்று அந்தப் பொடியன் கேட்டான். எனக்குத் தெரியாது என்றேன். அடுத்த வகுப்புக்குப் பெண்களைக் கூட்டிவரச் சொன்னேன். இரண்டு பேர் வந்தார்கள். ஒருத்தி தேநீர் ஊற்ற எழும்பிப் போனாள். மற்றவள், "நாங்க புல்லுப் புடுங்கின ஆக்கள்தானே மிஸ், எங்களுக்கென்னத்துக்குப் புதுசாப் படிப்பு, கூலியக் கூட்டித் தரச் சொல்லுங்க" என்றாள். அவள் சொன்னதும் சரிதான். அவர்களை முதல் நாளே கூப்பிட்டிருக்கவேண்டும். இனி இந்தத் திட்டத்துக்கு இன்னொரு முதல் நாள் இல்லை.

பெற்றவர்கள் கடிதம் எழுதினால் புத்திமதி சொல்லவேண்டும். என்னிடம் பெரிதாக ஒன்றுமில்லை. கடையில் நின்றால் ஒழுங்காக நில். மருந்து வாங்க வருகிறவனை வெறுக்காதே. அவன் தவராசா மாமாவைப் போல ஒருவன்தான். எவ்வளவு கலக்கவேண்டும், காற்று எந்தப் பக்கம் அடிக்கும்போது தெளிக்கக்கூடாது, முகத்தில் துணி கட்டவேண்டும் என்று கேட்கிறவனுக்குச் சொல். கேட்காதவனுக்கும் ஒருமுறை சொல். உன் மாமனாரோடு முகத்தைத் தூக்காதே, அவர் உன்னிடமிருந்து எதையும் பறிக்கவில்லை. நிரோஜாவிடம் பேசு. மௌனம் நம் வீட்டு வியாதி. அப்பாவிடமிருந்து எனக்கு வந்தது, உனக்கு அது இல்லை என்று நினைத்திருந்தேன். உனக்கு ஒரு மகள் பிறந்தால் அவளைச் சின்னதிலேயே சேற்றில் இறக்கு. காணி அவளுக்கு வரும் என்றால் வேலையும் அவளுக்கு வரட்டும். எனக்கு அப்படி யாரும் செய்யவில்லை. படிக்கிற பிள்ளை என்று வரம்பில் குடையோடு நிறுத்திவைத்தார்கள். இது எதுவும் அந்த வயலைத் திருப்பித் தராது. திருப்பித் தரும் என்று சொல்லவும் இல்லை.

திட்டம் முடிந்தாலும் சான்றிதழுக்கு இன்னொருமுறை முதலாம் வருடத்திலிருந்து தொடங்கலாம் என்று அலுவலகத்தில் சொல்கிறார்கள். யார் தொடங்குவது? நான் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. காத்தான்குடி நானாவுக்கு இந்த வருடம் அரிசி இல்லை என்று நானே தொலைபேசி எடுத்துச் சொன்னேன். "தம்பி சுகமா?" என்று மட்டும் கேட்டார். சுகம் என்றேன்.

தைப்பொங்கலுக்கு நிரோஜாவைக் கூட்டிக்கொண்டு வா. கடையில் சனம் என்று சொல்லாதே, பொங்கலன்று கடை பூட்டு. பொங்குவதற்குக் கடை அரிசிதான் வாங்கி வைத்திருக்கிறேன். எந்த அரிசி என்று கேட்காதே. முன்னாலேயே சொல்லிவிட்டேன், வந்து முகத்தைச் சுருக்கக்கூடாது. தவராசா மாமாவும் வருவார், நான்தான் கூப்பிட்டேன். நீ வருவதே இல்லை, அவர் படலைக்கு வெளியிலேயே நின்று பேசிவிட்டுப் போகிறார். இரண்டு பேரையும் ஒரே நாளில் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தால் எனக்கு ஒரு வேலை முடியும்.

வரும்போது வட்டையை ஊடறுத்து வருகிற பாதையால் வராதே. கோயில் வீதியால் சுற்றி வா. கொஞ்சம் தூரம்தான், ஆனால் அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் வயல் தெரியாது. நானும் இப்போது அந்த வழியால்தான் போய்வருகிறேன்.

அக்கா